தட்டினால் நிரல் கொட்டும் திரை: போலி ஹேக்கிங் தளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன கோடை விடுமுறையில் ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் அருவி மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. "மாமா, இங்க பாருங்க, நான் ஹேக் பண்றேன்!" என்றான். அவன் தட்டத் தட்ட நிரல் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற என் அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அன்றைக்கு அவனும், பிறகு அவன் நண்பர்களும், அவர்களுடைய பெற்றோரும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தத் தளங்கள் என்ன செய்கின்றன?

நடிக்கின்றன. யாருடைய கணினிக்குள்ளும் அவை நுழைவதில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் உடைப்பதில்லை. இந்த வகையில் ரொம்பப் பிரபலமானது ஹேக்கர் டைப்பர். திறந்தால் கறுப்புத் திரை மட்டும் இருக்கும். கீபோர்டில் கண்ணை மூடிக்கொண்டு எதைத் தட்டினாலும் ஒழுங்கான நிரல் வரிகள் வந்து விழும். பார்ப்பவருக்கு நீங்கள் பயங்கர வேகத்தில் நிரல் எழுதுவது போலத் தோன்றும்.

எந்த விசையைத் தட்டினாலும் சரியான நிரல் வருவது எப்படி?

நிரல் முழுவதும் ஏற்கெனவே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பக்கம் திறக்கும்போதே அந்தக் கோப்பு உலாவிக்குள் வந்துவிடும். நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும் "ஏதோ ஒரு விசை தட்டப்பட்டது" என்ற தகவல் மட்டும், இணையப் பக்கங்களை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய நிரலுக்குப் போகும். பின்னால் சொல்லும் ஓரிரு விசைகளைத் தவிர, எந்த விசை என்பதை அது பொருட்படுத்துவதில்லை. கோப்பிலிருந்து அடுத்த சில எழுத்துகளை எடுத்துத் திரையில் சேர்க்கும். மறுபடி தட்டினால் அடுத்த சில எழுத்துகள். கோப்பு தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்கும். கடைசியில் மினுக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான்.

பொம்மலாட்டத்தில் நூல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஆட்டம் அழகாகத்தானே இருக்கிறது? இதுவும் எனக்கு அப்படித்தான்.

திரையில் ஓடும் அந்த நிரல் உண்மையானதா?

ஆமாம், உண்மையானது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

ஹேக்கர் டைப்பரில் வழக்கமாக ஓடுவது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஒரு துண்டு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மூல நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. அதிலிருந்து 'குரூப்ஸ்.சி' என்ற கோப்பை எடுத்து வைத்திருக்கிறார்கள். சி மொழியில் எழுதப்பட்டது.

அது என்ன வேலை செய்கிறது தெரியுமா? லினக்ஸில் ஒவ்வொரு பயனரும் சில குழுக்களில் உறுப்பினராக இருப்பார். அச்சுப்பொறியைப் பயன்படுத்த ஒரு குழு, நிர்வாக வேலைகளுக்கு ஒரு குழு என்று இருக்கும். ஒரு கோப்பைத் திறக்க முயலும்போது, "இவர் இந்தக் குழுவில் இருக்கிறாரா?" என்று கெர்னல் பார்க்கும். அந்தக் குழுப் பட்டியலை வைத்துக்கொள்வதும், வரிசைப்படுத்துவதும், தேடுவதும்தான் இந்தக் கோப்பின் வேலை. அந்தக் காலத்துப் பதிப்பில் வரிசைப்படுத்த ஷெல் சார்ட் என்ற முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். 1959இல் டொனால்ட் ஷெல் வெளியிட்ட முறை அது. தேடுவதற்கு, பட்டியலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் இருபாதித் தேடல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உரிய அதிகாரம் இல்லாத ஒருவர் தன் குழுப் பட்டியலை மாற்ற முயன்றால், "அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பும் வரியும் அதிலேயே இருக்கிறது. அதாவது, உலகம் முழுக்கப் பிள்ளைகள் "உள்ளே நுழைகிறேன்" என்று காட்டிக்கொண்டிருக்கும் நிரல், உண்மையில் யாரை உள்ளே விடலாம் என்று பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கும் காவலாளியின் நிரல். இதைச் சொன்னபோது அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்படின்னா இந்த வரி என்ன பண்ணுது?" என்று திரையைத் தொட்டுக் கேட்டான்.

'அக்சஸ் கிராண்டட்' (அனுமதி கிடைத்தது) என்ற பெட்டியை வரவைப்பது எப்படி?

ஹேக்கர் டைப்பரில் ஆல்ட் விசையை மூன்று முறை தட்டுங்கள். கேப்ஸ் லாக்கை மூன்று முறை தட்டினால் 'அக்சஸ் டினைட்' (அனுமதி மறுக்கப்பட்டது) வரும். பெட்டியை மூட எஸ்கேப். முதலில் 'டினைட்' காட்டி, பெருமூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம் தட்டி, அப்புறம் 'கிராண்டட்' காட்டினால் பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள்.

வேறு என்னென்ன தளங்கள் இருக்கின்றன?

கீக்டைப்பர் இதே உத்தியைப் பல தோற்றங்களில் தருகிறது. பிராங்க்ஸ் தளத்தில் ஒரு முழு மேசைத்திரை போலவே இருக்கும், சின்னச் சின்ன சாளரங்களைத் திறந்து நகர்த்தலாம். ஃபேக் அப்டேட் தளம் வேறு மாதிரி. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 10, மேக் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், முடிவே இல்லாத ஒரு புதுப்பிப்புத் திரை ஓடும். பொறுமை இழந்து யாராவது என்டர் தட்டினால், விண்டோஸ் செயலிழக்கும்போது வரும் நீலத்திரை போல ஒன்று வந்து நிற்கும்.

இந்த விளையாட்டு இணையதளங்களுக்கு முன்பே இருந்தது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்கான எக்ஸ்ஸ்கிரீன்சேவர் தொகுப்பில் பல இயங்குதளங்களின் செயலிழப்புத் திரைகளை அப்படியே நடித்துக் காட்டும் ஒரு திரைக்காப்பு உண்டு. விண்டோஸின் உள்ளமைப்பை ஆராய்ந்து எழுதிய மார்க் ருசினோவிச் நீலத்திரை காட்டும் திரைக்காப்பு ஒன்றைச் செய்தார். அதை மைக்ரோசாஃப்ட்டே தன் தளத்தில் வைத்திருக்கிறது. உபுன்டுவில் 'ஹாலிவுட்' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. நிறுவி ஓடவிட்டால், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினல் பல கட்டங்களாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏன் எப்போதும் கறுப்பில் பச்சை?

பழைய ஒற்றை நிறத் திரைகளின் நினைவு அது. கண்ணாடிக் குழாயின் உட்புறம் பாஸ்பர் பூசியிருப்பார்கள், எலக்ட்ரான் பட்டால் அது ஒளிரும். பரவலாகப் பயன்பட்ட பாஸ்பர் பச்சையாக ஒளிர்ந்தது. 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த 5151 திரையும் பச்சைதான். காவி மஞ்சளில் ஒளிரும் திரைகளும் இருந்தன, ஆனால் ஜனங்கள் மனதில் நின்றது பச்சை.

நிஜ ஹேக்கிங் இப்படி இருக்குமா?

இருக்காது. நிஜத்தில் அது பெரும்பாலும் படிப்பது, காத்திருப்பது, மனிதர்களை ஏமாற்றுவது.

2020 ஜூலையில் ட்விட்டரில் ஒபாமா, பைடன், எலான் மஸ்க் ஆகியோரின் கணக்குகளிலிருந்து "பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் தருகிறோம்" என்று பதிவுகள் வந்தன. 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. பச்சை எழுத்து மழையெல்லாம் அங்கே இல்லை. ட்விட்டர் ஊழியர்களுக்குத் தொலைபேசியில் பேசி, நம்பவைத்து, உள் கருவிகளுக்கான வழியைப் பெற்றார்கள். கைதானவர்களில் முக்கியமானவருக்கு வயது 17.

சினிமாக்காரர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஒருவர் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதுவதைப் பத்து நிமிடம் காட்டினால் யார் பார்ப்பார்கள்? சில சமயம் அவர்கள் காட்டியது நாட்டையே யோசிக்கவும் வைத்திருக்கிறது. ஒரு சிறுவன் ராணுவக் கணினிக்குள் நுழைவதைச் சொல்லும் 'வார்கேம்ஸ்' 1983 ஜூனில் வந்தது. அதைப் பார்த்த அமெரிக்க அதிபர் ரீகன், இப்படி நிஜமாகவே நடக்குமா என்று தன் படைத் தளபதி ஜான் வெஸ்ஸியிடம் கேட்டார். விசாரித்துவிட்டு அவர் சொன்ன பதில், நிலைமை நாம் நினைப்பதைவிட மோசம் என்பதுதான். 1984 செப்டம்பரில் அரசுக் கணினிகளின் பாதுகாப்பு பற்றி அதிபரின் ஆணை ஒன்று வெளிவந்தது.

இந்தத் தளங்களைத் திறப்பதால் என் கணினிக்கு ஆபத்து உண்டா?

மேலே சொன்ன வகைத் தளத்தை உலாவியில் திறந்து பார்ப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு அடைப்புக்குள்தான் ஓடவிடுகிறது. பக்கம் தன் திரைப்பகுதிக்குள் எதை வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்துத் தராத கோப்பைப் படிக்க முடியாது, நீங்கள் அனுமதிக்காமல் கேமராவைத் திறக்க முடியாது. திரையில் "அனைத்துக் கோப்புகளும் அழிக்கப்படுகின்றன, 74%" என்று ஓடினாலும் அது வெறும் எழுத்து.

இதே பெயர்களைக் காப்பியடித்த தளங்களிடம்தான் கவனம் வேண்டும். ஒரு பிராங்க் தளம் எதையாவது தரவிறக்கச் சொன்னாலோ, அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டாலோ, மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்டாலோ உடனே மூடிவிடுங்கள். நடிக்கும் பக்கத்துக்கு இவை எதுவும் தேவையில்லை.

யாரிடம் இந்தக் குறும்பைச் செய்யலாம்? யாரிடம் கூடாது?

இதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

கல்லூரியில் படித்த காலம். என் தாய்மாமா ஒரு சின்ன மருந்துக்கடை வைத்திருந்தார். மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில், கடைக் கணினியில் ஒரு போலி புதுப்பிப்புத் திரையை முழுத்திரையில் ஓடவிட்டு நான் பின்னறைக்குப் போய்விட்டேன். அவர் திரும்பி வந்தபோது வாசலில் நாலைந்து பேர் மருந்துச் சீட்டோடு நிற்கிறார்கள். திரை 30 சதவீதத்தில் நிற்கிறது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அந்தப் போலித் திரைக்குப் பின்னால் பில்லிங் மென்பொருள் திறந்திருந்தது. அன்று காலை வந்து இறங்கிய சரக்கை அவர் பாதிவரை பதிவு செய்து, சேமிக்காமல் விட்டிருந்தார். அத்தனையும் போயிற்று.

இரவு பத்தரை வரை இருவரும் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பார்த்து மறுபடி பதிவு செய்தோம். அவர் திட்டவில்லை. "எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிமிஷம் என்னவோ ஆயிடுச்சுடா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் என்னிடம் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது இது. அந்தக் கணினியில் ஒருவரின் பிழைப்பு இருந்தால் வேண்டாம். வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், சமீபத்தில் பணத்தை இழந்தவர்கள், தேர்வுக்கோ வேலைக்கோ அவசரத்தில் இருப்பவர்கள் யாரிடமும் வேண்டாம். ஏமாந்தவர் இரண்டு நிமிடத்துக்குள் உங்களோடு சேர்ந்து சிரிப்பார் என்ற உறுதி உங்களுக்கு இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

சரி, நல்லபடியாகச் செய்வது எப்படி?

உங்கள் கணினியிலேயே செய்யுங்கள். நண்பன் வரும்போது நீங்கள் தீவிர முகத்தோடு தட்டிக்கொண்டிருப்பது, அவன் கணினியைத் தொடுவதைவிட எவ்வளவோ மேல். எஃப் 11 அழுத்தினால் முகவரிப் பட்டை மறைந்து முழுத்திரையாகும். அவன் கணினிதான் வேண்டுமென்றால், அதில் திறந்திருக்கும் எல்லாவற்றையும் முதலில் சேமித்து மூடுங்கள். முக்கியமாக, அந்த அறையைவிட்டுப் போகாதீர்கள். நான் அன்று பின்னறைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றிருந்தால், பிளக்கை நோக்கிப் போன கையைப் பிடித்திருப்பேன்.

அலுவலகத்தில் செய்யலாமா?

என் கருத்து, வேண்டாம். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43இன்படி உரியவரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினியை அணுகுவதே தவறு. நீங்கள் காட்டியது போலிப் பக்கமாக இருக்கலாம், ஆனால் சக ஊழியரின் கணினியைத் திறந்தது நிஜம். அதோடு, அந்தத் திரையைப் பார்த்து யாராவது ஐடி பிரிவுக்குச் சொல்லிவிட்டால், அவர்கள் அதை உண்மையான தாக்குதலாக எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிப்பார்கள். அது அவர்கள் கடமை.

யாரோ என் கணினியில் இப்படி ஒன்றை ஓடவிட்டுவிட்டார்கள். எப்படி வெளியே வருவது?

பிளக்கைப் பிடுங்காதீர்கள். பக்கம் தானாக முழுத்திரைக்குப் போயிருந்தால் எஸ்கேப் அழுத்தினால் போதும், சில உலாவிகளில் அதைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எஃப் 11 மூலம் முழுத்திரை ஆக்கியிருந்தால் மறுபடி எஃப் 11தான். இரண்டும் கேட்கவில்லையா? விண்டோஸில் ஆல்ட்டும் எஃப் 4உம் சேர்த்து அழுத்துங்கள், அல்லது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடுங்கள். மேக்கில் கமாண்டும் க்யூவும். மூடியதும் அந்தத் திரை மறைந்துவிட்டால், அது வெறும் இணையப் பக்கம்தான்.

மோசடிக்காரர்களும் இதே மாதிரித் திரைகளைத்தானே காட்டுகிறார்கள்?

அதேதான். இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

"உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று சத்தத்தோடு முழுத்திரையில் வரும் பக்கம், தொழில்நுட்ப ரீதியில் ஹேக்கர் டைப்பருக்கு அண்ணன் தம்பி. அதுவும் அடைப்புக்குள் ஓடும் ஒரு பக்கம்தான், அந்த நொடியில் கணினிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ஆபத்து அடுத்த படியில் வருகிறது. பயந்துபோய் அந்த எண்ணை அழைக்கிறீர்கள். மறுமுனையில் இருப்பவர் அன்பாகப் பேசி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ஒரு செயலியை நிறுவச் சொல்கிறார். நிறுவினால், அதுவரை பொய்யாக இருந்த ஊடுருவல் அப்போது உண்மையாகிவிடும். கதவைத் திறந்துவிட்டது நம் கை. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்தியில் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் இருக்காது. இந்த ஒன்றை வீட்டில் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

போலீஸ் போல நடித்து, வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' என்பதும் இதே நாடகத்தின் வேறு காட்சி. சீருடை, பின்னால் காவல் நிலையம் மாதிரி ஒரு அறை, முத்திரை போட்ட கடிதம், எல்லாம் வீடியோ அழைப்பின் திரைக்குள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரும் தன் வானொலி உரையில் இதைச் சொன்னார்: நில்லுங்கள், யோசியுங்கள், பிறகு செயல்படுங்கள் என்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

என் அம்மாவுக்கு நான் இதை விளக்கியது ஹேக்கர் டைப்பரை வைத்துத்தான். அவரையே உட்காரவைத்து, "எதையாவது தட்டுங்கம்மா" என்றேன். தயங்கித் தயங்கித் தட்டினார். பச்சை எழுத்துகள் ஓடின. "நான்தான் ஒண்ணுமே பண்ணலையே" என்றார். "அதேதான்மா" என்றேன். இரண்டு மாதம் கழித்து அவர் டேப்லெட்டில் ஒரு வைரஸ் எச்சரிக்கை அலறியபோது, என்னைக் கூப்பிடாமலே பக்கத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு நிஜமாகவே ஹேக்கிங் கற்க வேண்டும் என்கிறான். என்ன செய்வது?

தடுக்காதீர்கள். சட்டப்படி பழகுவதற்கென்றே கட்டிய இடங்கள் இருக்கின்றன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 2013இலிருந்து பள்ளி மாணவர்களுக்காக பிகோசிடிஎஃப் என்ற போட்டியை இலவசமாக நடத்துகிறது. ஓவர் தி வயர் தளத்தில் 'பேண்டிட்' என்ற விளையாட்டு லினக்ஸ் கட்டளைகளை அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தரும். ஒவ்வொரு நிலையிலும் அடுத்த நிலைக்கான கடவுச்சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், சொந்தமாக ஒரு ஹேக்கர் டைப்பர் செய்யச் சொல்லுங்கள். ஒரு எழுத்துக் கோப்பு, விசை தட்டப்பட்டதைக் கேட்கும் ஒரு வரி, எழுத்தை வெட்டித் திரையில் சேர்க்கும் ஒரு வரி. இருபது முப்பது வரிகளில் முடிந்துவிடும்.

அக்கா மகன் செய்தான். நிரலுக்குப் பதிலாக அவன் பாட்டி சொன்ன சாம்பார் பொடிக் குறிப்பைக் கோப்பில் போட்டான், தமிழில். ஓடவிட்டால் எழுத்துகள் உடைந்து உடைந்து வந்தன. 'ம்' வரவேண்டிய இடத்தில் முதலில் 'ம' வந்து, அடுத்த தட்டலில்தான் புள்ளி ஏறியது. 'வெந்தயம்' என்பதில் முதலில் 'வ' வந்தது, பிறகு கொம்பு முன்னால் முளைத்து அதைத் தள்ளியது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன, அவன் நிரலோ ஒவ்வொரு குறியாக வெட்டிக்கொண்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி, மனிதர் பார்க்கும் முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் பாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். அவர் கீபோர்டில் தட்டத் தட்ட, 'மல்லி கால் கிலோ' என்று முழு முழு எழுத்தாக, பச்சையில் வந்தது.